மூன்றாம் நபர்

...மூன்றாம் நபராம், யார், என் புருஷனா, அவர் மூன்றாம் நபர் என்றால் முதல் இரண்டு பேர் யாரய்யா, நானும் உங்கள் துறையுமா, நமக்கா கல்யாணம் நடந்தது? மனசுக்குள் இல்லை, வாய்விட்டே கேட்டுவிட்டேன், தகவல் அலுவலர் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்தினார், மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்கக் குனிந்தாள், சிரிக்கட்டும், ஒருத்தராவது இந்த அறையில் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததே. தகவல் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டது என்ன, கஜானா சாவியா? இதே கட்டிடத்து லிஃப்ட், அதைப் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கி உயிரோடு திரும்பாதவர் என் வீட்டுக்காரர், ஆள் உள்ளே நிற்கும்போது மெயின் ஸ்விட்சைப் போட்டது யார், நீங்களே விசாரணை நடத்தினீர்களே, என்ன எழுதினீர்கள், அவ்வளவுதானே. முதல் பதில், கோப்பு வேறு பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவைக் கேட்டால், அப்படியொரு கோப்பே இல்லை. மேல்முறையீடு செய்ததும் இருக்கிறது, ஆனால் தர இயலாது, மூன்றாம் நபரின் அந்தரங்கம்... இல்லாத கோப்புக்குள் அந்தரங்கம் எப்படி ஐயா புகுந்தது, கதவிடுக்கு வழியாகவா? "சம்பந்தப்பட்டவர்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வந்தீங்கன்னா குடுத்துடலாம் மேடம்." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, காது மடல் சிவந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைங்க, நல்லாத் துடைங்க. அந்தரங்கம்! குளிக்கும்போது கதவைக்கூடச் சாத்தாத மனுஷன், அத்தனை ஆழக் குழிக்குள் அசராமல் இறங்குகிறவர், சுவரில் பல்லியைக் கண்டால் "ஏய், இங்க வாயேன்" என்று என்னைக் கூப்பிடுவார், இதுதான் அவர் அந்தரங்கம், இதை நான் எவரிடமும் சொன்னதில்லை, அதை என்னிடமிருந்து காப்பாற்ற நீங்கள் யார்? மாமியார் சொல்வார், "விட்டுத் தொலையேம்மா, எழுதிக் கேட்டா போன உயிர் வந்துடுமா?" வராது அத்தை, தெரியும், ஆனால் "பணியாளரின் கவனக்குறைவு" என்று பேப்பர்காரனிடம் சொன்னார்களே, அந்தச் சொல் மட்டும் எப்படி வெளியே வந்தது, அதற்கு அந்தரங்கம் இல்லையா? ஸ்க்ரூவை ஒரு தடவை முறுக்கிவிட்டு இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிற ஆள் அவர், கவனக்குறைவாம்... "அடுத்த மேல்முறையீட்டுக்குத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம் மேடம், அது உங்க உரிமை," என்றார் அலுவலர், உரிமையை ஏதோ கறிவேப்பிலை மாதிரி கொசுறாகத் தந்துவிட்டு. போவேன். உங்களை விட்டேனா பார்.

நாற்காலியைத் தள்ளிய சத்தம் தாழ்வாரம் வரைக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும், நான் இங்கே லிஃப்டில் ஏறுவதில்லை, படிக்கட்டுதான், செருப்பு தடதடவென்று என்னைவிடக் கோபமாக இறங்கியது. இரண்டாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து ஒருவர் மண்டியிட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், அன்றைக்கு என் வீட்டுக்காரரோடு வேலைக்கு வந்த மெக்கானிக், காரியத்தன்று வாசலில் நின்றே போய்விட்டவர், அதற்கப்புறம் இன்றுதான் பார்க்கிறேன். எழுந்தார். கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "அண்ணி, மேல எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். அவங்க சொல்ல மாட்டாங்க. அன்னிக்கு ஸ்விட்ச போட்டது..." "வேணாம்!" யார் கத்தியது, நானா? "வேணாங்க. அவங்க எழுத்துல குடுக்கட்டும். அவங்க வாயால வரணும்." "இல்ல அண்ணி, நான் பக்கத்துலதான்..." "வேணாம்னு சொல்றேன்ல!" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பக்கத்தில்தான் இருந்தாரா, பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில், கேட்காதே, இறங்கு, ஆணையத்துக்கு எழுத வேண்டும், சும்மா விடக்கூடாது இவர்களை... தெருவுக்கு வந்தும் கால் நடுங்கியது, கோபம்தான், வேறென்ன, மேலே அந்த அறையில் அவ்வளவு சத்தம் போட்டேனே, அங்கே ஏன் நடுங்கவில்லை? அவர்கள் தரமாட்டார்கள் என்பது எனக்கு எப்போதிலிருந்து இத்தனை தைரியம் தருகிறது?