பதினோராம் நம்பர் வீட்டுத் தூசி

ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாரும் வெளியே துணி காயப்போடுவதில்லை. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் பறந்து வந்து ஈரத்துணியில் மாவு போல ஒட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் நடத்திவரும் நளினி டீச்சருக்கு, காற்று மாசு என்றால் எங்கோ தூரத்து ஊர்ப் படத்தைக் காட்டுவது சலித்துப்போயிருந்தது. இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பை அந்த மண்ணையே எண்ணச் சொன்னாள்.

பிள்ளைகள் அட்டையில் வாஸ்லின் தடவி, வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டார்கள். மூன்று நாள் கழித்து எடுத்துவந்து, ஒரு சென்டிமீட்டர் கட்டம் வரைந்து, லென்ஸ் வைத்துத் துகள்களை எண்ணினார்கள். பல்லவி வீட்டு அட்டையில்தான் அதிகம், நூற்றுப் பன்னிரண்டு. நளினி எல்லாவற்றையும் வீட்டு நம்பரோடு சார்ட்டில் எழுதி வராந்தாவில் ஒட்டினாள்.

திங்கட்கிழமை பல்லவியின் அம்மா சரோஜம்மா வந்து நின்றாள். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள்.

“இன்னா டீச்சர், பதினோராம் நம்பர் வூடுதான் குப்பை வூடுன்னு செவுத்துல ஒட்டிக்கிறீங்க? ரெண்டு வாட்டி பெருக்குறேன். லைன்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இதுக்குன்னு லீவு போட்டுட்டு வந்துகிறேன்.”

நளினிக்குச் சட்டென்று உறைத்தது. தூசியை எண்ணியவள், அது யார் வீட்டுத் தூசி என்று யோசிக்கவில்லை. சார்ட்டைக் கிழித்தெடுத்தாள்.

“தப்பு என்னுதுதாம்மா. உங்க ஜன்னல் மேட்டப் பார்த்து இருக்குது, அதான் அவ்ளோ. பெருக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“அது எனக்குத் தெரியாதா? அத்த நிறுத்த வழி சொல்லுங்க. ராவெல்லாம் நானும் பொண்ணும் இருமிக்கினு கெடக்குறோம்.”

நளினியிடம் வழி இல்லை. ஈரச்சாக்கை ஜன்னலில் கட்டினால் தூசி அதில் படியும் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னாள்.

சரோஜம்மா சிரித்தேவிட்டாள். “எட்டு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி வருது. சாக்குக்கு ஊத்தச் சொல்றீங்க.”

பக்கத்தில் தலைகுனிந்து நின்ற பல்லவிதான் மெல்லச் சொன்னாள்.

“துணி அலசுன தண்ணிய கொட்டத்தானேம்மா செய்றோம்? அத்த ஊத்தலாம்.”

சரோஜம்மா மகளைப் பார்த்தாள். பிறகு கிளம்பிப் போனாள்.

அந்த வாரம் பல்லவி வீட்டோடு சேர்த்து ஏழு வீட்டு ஜன்னல்களில் சாக்கு ஏறியது. சாக்குக்கு உள்பக்கம் புது அட்டை. பல்லவி வீட்டில் எண்ணிக்கை நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. மற்ற வீடுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிள்ளைகள் மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, “போர்ஷன் எங்க நிக்குது மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு பாடம் பின்னால் இருந்தது.

மேட்டின் மேல் செடி நடச் சொல்லி வகுப்பே கூடி ஒரு மனு எழுதி கோலார் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பியது. பதில் வரவில்லை. அடுத்த வாரம் மூன்று வீடுகளில் சாக்கை அவிழ்த்துவிட்டார்கள். வீடு இருட்டாக இருக்கிறதாம், நாற்றமாம். நளினி அவர்களைக் குறை சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போகும்போது அந்த லைன் வழியாக நடந்தாள். முழங்கால் வலித்தது, கண்ணில் மண் விழுந்தது. கார்மென்ட்ஸில் அன்று லீவு. பதினோராம் நம்பர் வாசலில் சரோஜம்மா பக்கெட்டோடு நின்று சாக்கின் மேல் அழுக்குத் தண்ணீரைக் கைநிறைய அள்ளி அடித்துக்கொண்டிருந்தாள்.

“இருமல் கொறஞ்சிதா?” என்று கேட்டாள் நளினி.

“பொண்ணுக்குக் கொஞ்சம் கொறஞ்சிக்கிது. எனக்கு இல்ல, நான் ரயில்ல போறவ, போற எடத்துலயும் பஞ்சுத் தூசி.” சரோஜம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். “உக்காருங்க டீச்சர். மூஞ்சி வாடிக் கெடக்குது.”

நளினி படியில் உட்கார்ந்தாள். திருத்த வேண்டிய நோட்டுகள் மடியில் கனத்தன.