இருவரும் வீட்டில் இருக்க வேண்டும்

பக்கத்து வீட்டு லவான் டாலஃப்சன் அம்மையாரின் நிலவறையில் இருந்த ஹீட்டர், ஜனவரியின் மிகக் குளிர்ந்த வாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து உயிரை விட்டது. கோடைக்கான ஏசியும் அதே வயதுடையது என்பதால், அதையும் இறந்ததாகவே கருத வேண்டும் என்று ஹீட்டர் நிறுவனத்தார் தொலைபேசியிலேயே தெரிவித்துவிட்டனர்.

அம்மையாரிடம் இருந்தது ஒன்பதாயிரம் டாலர். அதற்கு மேல் போனால் வீட்டை விற்றுவிட்டு ஹூஸ்டனில் மகன் வீட்டுச் சோபாவில் குடியேற வேண்டியதுதான். மருமகள் அந்தச் சோபாவுக்குப் புது உறை போட்டுவிட்டதாகவும் செய்தி வந்திருந்தது.

அன்று காலை அவர் என்னை அழைத்தபோது, கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக, திறந்துவைத்த ஓவனின் முன் அமர்ந்திருந்தார்.

"ஆர்லன், நீங்க ஒரு மணி நேரம் எனக்குப் புருஷனா இருக்கணும்."

நான் ஓய்வுபெற்ற நூலகர், மணமாகாதவன். இத்தகைய வேண்டுகோளுக்கு எந்த முகபாவம் பொருத்தமானது என்று எனக்குத் தெரியவில்லை.

"விலை சொல்ற ஆளை அனுப்பணும்னா வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் இருக்கணுமாம். என் புருஷன் மில்டன் லூத்தரன் சர்ச் கல்லறையில இருக்காருன்னேன். போன்ல பேசின பொண்ணு, 'பரவால்ல மேடம், அவர் திரும்பி வந்ததும் கூப்பிடுங்க'ன்னுது."

"அடடா."

"அப்புறம் என்ன, வந்துட்டாருன்னு சொல்லிட்டேன். நீங்க பேசவே வேண்டாம். மில்டன் இருந்தப்பவும் பேசினதில்லை."

எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஒருவர் தரும் காப்பியை மறுக்கலாம். உதவியை மறுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே உட்கார்ந்தேன்.

விற்பனையாளர் பெயர் டேவின். அரிசோனாவில் பயிற்சி பெற்று இங்கு மாற்றலாகி வந்திருந்த இளைஞர். காலணிகளுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு நுழைந்தவர், சுவரில் இருந்த திருமணப் படத்தின் முன் நின்றார்.

"கல்யாணத்தப்ப சார் நல்ல உயரமா இருந்திருக்கீங்களே!"

"கவலையில சுருங்கிட்டாரு" என்றார் லவான்.

டேவின் நிலவறைக்குச் சென்று, அறுவைச் சிகிச்சை முடித்த மருத்துவரின் முகத்தோடு மேலே வந்தார். கைப்பேசியில் ஒரு துருப்பிடித்த குழாயைக் காட்டினார். "சார், இது எங்க அம்மா வீடா இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"உங்கம்மாவுக்கு என்ன விலை சொல்லுவீங்க?" என்று கேட்டார் லவான்.

டேவின் சிரித்துவிட்டு டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். ஹீட்டரும் ஏசியும் சேர்த்து இருபத்திரண்டாயிரம் டாலர்.

"அது… வித்தியாசமாத்தான் இருக்கு" என்றேன். எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய மிகக் கடுமையான சொல் அது. சொன்ன பிறகு, அதை ஈடுகட்ட, மேசையில் இருந்த கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

டேவின் பதில் பேசாமல் என்னையே பார்த்தார். விலையைச் சொன்னபின் பேசாமல் காத்திருந்தால் எதிரில் இருப்பவர் இறங்கி வந்துவிடுவார் என்பது அவருடைய பயிற்சிப் பாடம் என்று பிற்பாடு அறிந்தேன். அரிசோனாவில் அது பலிக்கக்கூடும். உறைந்த ஏரியில் துளையிட்டு, மீனுக்காக நாள் முழுவதும் அண்ணன் தம்பிகள் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. எனக்கு அந்த அமைதி மிகவும் இதமாக இருந்தது.

டேவினின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை துளிர்த்தது.

"சரி சார், பதினெட்டு."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு சிரமம்" என்றேன். அதில் தந்திரம் ஏதும் இல்லை. யார் எதைக் கொடுத்தாலும் நாங்கள் சொல்வது அதுதான். முதல் இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை ஏற்பதே இங்கு மரியாதை.

டேவின் வாசலுக்குப் போய்க் கைப்பேசியில் மேலாளரை அழைத்தார். கண்ணாடி வழியே அவர் கைகளை ஆட்டுவது தெரிந்தது.

"உண்மையிலயே மேலாளர்கிட்டதான் பேசறானா?" என்றேன் மெல்ல.

"மணி என்ன, வெளியே குளிர் எவ்வளவுன்னு தானா சொல்ற டெலிபோன் நம்பரா இருக்கும்" என்றார் லவான். "நீங்க நல்லாத்தான் பண்றீங்க. மில்டன் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பாரு."

டேவின் திரும்பி வந்து, தட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பேரீச்சம்பழக் கேக் துண்டை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். நானும் லவானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இங்கே கடைசித் துண்டைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவார்களே தவிர, எவரும் எடுத்து முடிப்பதில்லை.

"பதினஞ்சரை! என் வேலையே போனாலும் பரவால்ல சார்."

அது மூன்றாம் முறை. இனியும் மறுத்தால் அந்த இளைஞரை அவமதித்ததாகிவிடும். ஐம்பது ஆண்டுப் பழக்கம் என்னைக் கேட்காமலே வாயைத் திறந்தது.

"நீங்க இவ்வளவு சொல்றப்ப… சரிங்க."

மேசைக்கு அடியில் லவானின் பனிக்காலணி என் கணுக்காலில் இறங்கியது. ஹூஸ்டன் சோபாவின் புது உறை என் கண்முன் தெரிந்தது. ஆயினும் மரியாதை இன்னும் முழுமை பெறவில்லை. காப்பியை ஏற்கும்போது எவரும் முழுக் கோப்பையைக் கேட்பதில்லை.

"பாதி போதுங்க" என்று முடித்தேன்.

டேவின் விழித்தார். "பாதின்னா… ஹீட்டர் மட்டுமா? ஏசி வேண்டாமா?"

"வேண்டாம்!" என்றார் லவான். அவர் ஒரேயடியாக எதையாவது மறுத்து நான் கேட்டது அன்றுதான்.

டேவின் டேப்லெட்டில் நெடுநேரம் விரலை ஓட்டினார். "எட்டாயிரத்து எழுநூறு. இதுக்கு மேல குறைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல, சார். நாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன், உங்களை மாதிரி கல் நெஞ்சுக்காரரைப் பாத்ததில்ல."

வாழ்நாளில் என்னை அவ்வாறு எவரும் பாராட்டியதில்லை. நன்றி சொன்னேன்.

லவான் அங்கேயே காசோலை எழுதினார். எதிரில் இருப்பவரைத் திருத்துவது நாகரிகமாகாது என்பதால், ஒப்பந்தத்தில் கணவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் நானே கையெழுத்திட்டேன்; பொய் எழுத மனமின்றி என் பெயரையே எழுதினேன். டேவின் படிக்கவில்லை. மறுநாள் அந்த வீட்டில் வெப்பம் வந்தது. லவான் தொப்பியைக் கழற்றினார்.

ஜூலை மாதம், எங்கள் ஊர் புழுங்கித் தவித்த ஒரு பிற்பகல், லவான் என் வாசலில் நின்றார்.

"அந்தப் பையன் மறுபாதியை விக்க வரானாம். ரெண்டு பேரும் இருக்கணுமாம்."

"வந்துடறேங்க."

"ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட எனக்குக் கூச்சமா இருக்கு. பேசாம நிஜமாவே ரெண்டு பேரா இருந்துட்டா என்ன?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றேன்.

ஆகஸ்டில் ஒருமுறை மீண்டும் கேட்டார். அப்போதும் முறைப்படி மறுத்தேன். இப்போது அக்டோபர். என் வீட்டு ஹீட்டர் சில நாட்களாக இருமுகிறது. விலை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். இருவரும் வீட்டில் இருக்க வேண்டுமாம். லவான் மூன்றாம் முறை கேட்பதற்கு வசதியாக, அவர் தோட்டத்தில் இலை வாரும் நேரம் பார்த்து நானும் இலை வாருகிறேன்.