கட்டியின் மேல் இருந்த தடங்கள்

அண்ணனை அடக்கம் செய்த மறுவாரம் அண்ணி என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கைக்குட்டையை அவிழ்த்து, கோலிக்குண்டு அளவில் ஒரு தங்கக் கட்டியை மேசைமேல் வைத்தார்.

"உங்க அண்ணன் மாதிரியே மூஞ்சியெல்லாம் பள்ளம்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன்.

அண்ணன் வேலை பார்த்த மலைத் தங்கச் சுரங்கத்தின் கல்தூசி அவன் நுரையீரலை அரிக்கிறது, இனி உள்ளே கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அண்ணியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மலைக்கு வெகுதூரம் கீழே, ஆற்றில் தங்கத்துக்காக மணல் சலிக்கப் போவதாகச் சொன்னான். ஆனாலும் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான்.

"இது அவர் பையில இருந்துச்சு. ஆத்துல கிடைச்சதான்னு பார்த்துச் சொல்லு. தினமும் முட்டி வரைக்கும் நனைஞ்சுதான் வருவார். இருந்தாலும் பாரு."

கட்டியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தேன். நேராக ஒளி அடித்தால் தங்கம் வெறுமனே பளபளக்கும். சாய்த்தால்தான் கீறல்களுக்கு நிழல் விழும். தங்கம் மெத்தென்ற உலோகம். ஆற்றில் உருளும்போது கூழாங்கற்கள் அதை அடித்து அடித்து விளிம்புகளை உள்பக்கம் மடித்துவிடும். மேலெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழும். பள்ளங்களில் களிமண் அடைந்துகொள்ளும்.

இதில் கீறலே இல்லை. பள்ளங்களின் சுவர்கள் தட்டையாக, கூர்மையான மூலைகளோடு நின்றன. பாறைக்குள் வெள்ளைப் படிகக்கல்லை ஒட்டி வளர்ந்த தங்கம் அந்தக் கல்லின் வடிவத்தை அச்சாக வாங்கிக்கொள்ளும். ஒரு மூலையில் கல்லின் சில்லு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.

எனக்குள் எதுவும் அசையவில்லை. குவியத்தை மட்டும் சரிசெய்தேன்.

"நீங்களே பாருங்க அண்ணி."

குனிந்து பார்த்தார். "கத்தியால வெட்டின மாதிரி இருக்கே."

"கல்லு பதிஞ்ச அச்சு."

"ஆத்துல உருண்டு வந்திருந்தா?"

"அவ்வளவு தூரத்துல அழிஞ்சிருக்கும்."

அண்ணி கண்ணை எடுக்கவில்லை. "அப்போ குழாயடியில நின்னு நனைச்சுட்டு வந்திருக்கார்," என்றார். "ரெண்டு வருஷமா அந்தப் பேண்ட்டைப் பிழிஞ்சு காயப்போட்டேன். ஒரு நாளாவது மணல் உதிர்ந்திருக்கணும்ல? எனக்குத் தோணவே இல்ல பாரு."

விளக்கை அணைத்தேன்.

"டீ போடட்டுமா அண்ணி?"

"போடு. சர்க்கரை கம்மியா."