பக்கத்து நட்சத்திரம்

அப்பாவின் கைத்தடி மேசையில் இறங்கிய வேகத்தில் கண்ணாடி டம்ளர் சிதறியது. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

“பொய்! எவன்டா சொன்னான் உனக்கு?”

பேசியவர் அப்பாவின் பழைய மாணவர். அப்பாவின் நாற்பது வருட வானியல் பணியைப் பாராட்ட இந்தக் கருத்தரங்கைக் கூட்டியதே அவர்தான். புகழ்ச்சிக்கு நடுவே போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டார். ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை அளக்க, மாறாதது என்று நம்பி அப்பா ஒப்பிட்டுப் பார்த்த பக்கத்து நட்சத்திரமும் மங்கி மங்கித்தான் எரிந்திருக்கிறதாம். புதுக் கருவி காட்டிக்கொடுத்துவிட்டது.

“சின்ன விஷயந்தான் சார்” என்று சிரித்து மழுப்பினார்.

முன்வரிசையில் இருந்த மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்ன விஷயத்தில்தான் அவள் அண்ணனின் இடது காது போனது. பன்னிரண்டு வயதில் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, “பக்கத்து நட்சத்திரம் நேத்தைவிட மங்கலா இருக்குப்பா” என்பான். “அது மாறாதுடா, ஒழுங்கா பாரு” என்று ஓர் அறை. திரும்பவும் அதையே சொன்னால் இன்னொன்று. அடியாத மாடு படியாது என்பார் அப்பா. மாடு படியவே இல்லை. கண்ணில் பட்டதைத்தான் கடைசிவரை சொன்னது.

இப்போது அண்ணன் எழுந்தான். ஐம்பது வயது.

“அப்பா, நான் அன்னைக்குச் சொன்னது சரிதானே? ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

தடி அவன் நெற்றியில் விழுந்தது. ரத்தம் புருவத்தில் வழிந்தது. அடுத்த அடிக்கு ஓங்கியதை அவன் எட்டிப் பிடித்தான். இருவரும் இழுத்ததில் நாற்காலிகள் சரிந்தன.

“அண்ணா, விட்டுடு! வயசானவரு!”

“சொல்லட்டும், விடறேன்.”

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்படியே பின்னால் சரிந்தார்.

ஆம்புலன்ஸ்காரர் நாடியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மகளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. சொல்லாமலே தப்பித்துக்கொண்டாரே!

மாணவர் அவளிடம் வந்து கையைப் பிசைந்தார். “உங்க அண்ணன் சொன்னதுதாம்மா சரி.”

“என்கிட்ட எதுக்கு? அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. வலது காதுல சொல்லுங்க.”

சொன்னார். யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல் அண்ணன் தலையாட்டினான். கைக்குட்டையால் நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்கினான்.

வாசலில் திருப்பும்போது போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து அப்பாவின் வலது கை நழுவி அவன் பக்கம் விழுந்தது. அண்ணன் சட்டென்று தலையைக் குனிந்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவன் கைவிட்டதில் சாய்ந்த முனையை அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.