ஒன்பதாவது குழிக்கு அப்பால்

வாப்பாவைக் காணவில்லை என்று உம்மா போனில் சொன்னபோது, ராபியா தென்காசி மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் சட்டத்தை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்குக் கொண்டி போட்டனா இல்லியான்னு எனக்கே தெரியலட்டி. அஸர் தொழுதுட்டு வந்து பாக்கேன், கட்டில்ல ஆளைக் காணோம். செருப்பைக் காணோம். குடையையும் காணோம்."

"அண்ணன் எங்க?"

"சலீமு குத்தாலத்துக்குப் பைக்கை எடுத்துக்கிட்டு ஓடிட்டான். அருவியில குளிக்கணும்னு நேத்துப் பூரா சொல்லிக்கிட்டே இருந்தாவள்லா. நீ சீக்கிரம் வாட்டி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

ஆட்டோவில் வரும்போது வெயிலும் சாரலும் ஒன்றாக அடித்தன. ஊரே இந்தச் சீசனுக்காகத்தான் வருடம் பூராவும் காத்திருக்கிறது. ராபியாவுக்கோ அன்று அந்தக் காற்றே பிடிக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று எதையோ பிடுங்கிக்கொண்டு போக வந்ததைப் போல இருந்தது.

வாப்பா கிதிர் முகம்மது வளைகுடாவில், கடலை ஒட்டிய ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடியாக இருந்தவர். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே நடக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த மட்டை, எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்ல வேண்டும். கேட்டால் மட்டும். ராபியா கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், அவள் கல்லூரியை முடித்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்.

இடைப்பட்ட வருடங்களில் அவர் வெள்ளிக்கிழமைக் குரலாக மட்டும் இருந்தார். உம்மாவோடு பேசி முடித்துப் பிள்ளைகளிடம் வரும்போது அவருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. "சாப்ட்டியா? படிக்கியா?" இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் போனில் இரைச்சல்தான். அந்த இரைச்சலைத் தாங்க முடியாமல்தான் அவர் மைதானத்தில் பந்து விழ வேண்டிய குழிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும்.

"ஒண்ணாவது குழி பொண்ணு பாக்கப் போற மாதிரி, மக்கா. அவசரமே கூடாது. சின்ன மட்டையா எடுத்து நடுவுல போட்டாப் போதும். நாலாவது குழிக்கும் நமக்கும் நடுவுல கடல் உள்ள வந்துரும். தண்ணிக்கு மேல பாத்தா தூரம் கம்மியாத்தான் தெரியும். கண்ணை நம்பாத. கண்ணு சொல்லுததுக்கு மேல ஒரு மட்டை பெருசா எடுக்கணும். ஏழாவதுதான் இபுலீசு, சரியான சைத்தான். இடது பக்கம் பூரா கடல். பயந்துபோயி எல்லாவனும் வலதுல அடிப்பான். அங்கன மணல்குழி வாயைத் தொறந்துகிட்டுக் கெடக்கும். நாம கடலைப் பாத்து அடிக்கணும். காத்து அதைக் கொண்டாந்து கரையில சேத்துரும்."

ஒன்பதாவது குழியோடு போன் கார்டு தீர்ந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். மைதானத்தில் பதினெட்டுக் குழிகள் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்பதைத் தாண்டி ஒருநாளும் கேட்டதில்லை. "அதுக்கப்புறம் என்ன வாப்பா?" என்று ஒருமுறை அவசரமாகக் கேட்டாள். "அதுக்கப்புறம் திரும்பி வரணும் மக்கா" என்றார். அதோடு லைன் அறுந்தது.

பிரிட்ஜ் கதவில் அவர் அனுப்பிய போட்டோ ஒன்று ஒட்டியிருந்தது. பச்சைத் தரையில், குழிக்குள் நிற்கும் கொடிக் கம்பைப் பிடித்தபடி வாப்பா. தொப்பி நிழலில் முகம் தெரியாது. பந்து உருண்டு வரும்போது கொடியை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட வேண்டுமாம். பின்னணியில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கட்டடம் ஒன்று மினுங்கியது. "அதுக்குள்ள எப்படி வாப்பா இருக்கும்?" என்று கேட்டதற்கு, "கேடி உள்ள போவக்கூடாது மக்கா" என்றார்.

ஊர் திரும்பிய ஆறு மாதத்தில் சாமான் பெயர்களை மறந்தார். பிறகு தெருவை. பிறகு ஆட்களை. பழசு கடைசியாகத்தான் போகும் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியாக மிஞ்சிய பழசு இவர்களுடையதாக இல்லை.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆண்கள் பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளிவாசலுக்கும் போயிருந்தார்கள். உம்மா ஹைருன் பீவி கேட்டின் கொண்டியைப் பிடித்தபடி நின்றாள். விட்டால் அதுவும் போய்விடும் என்பதைப் போல.

ராபியா வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். அங்கேதான் ஊர் முடிந்து வயல் தொடங்குகிறது. களை பறித்துக்கொண்டிருந்த கல்யாணசுந்தரி அவளைக் கண்டதும் இடுப்பை நிமிர்த்தினாள்.

"எக்கா, எங்க வாப்பாவைப் பாத்தியளா?"

"பாத்தேனே! குளத்துப் பக்கமாப் போனாவ. வரப்புல நின்னு புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி மேல எறிஞ்சாவ. அது பறக்கதையே பாத்தாவ. நான்கூட, அண்ணாச்சி, எங்க வயல்ல களை கெடக்கு, அதைப் பிடுங்குங்கன்னு கேலி பண்ணினேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராபியாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, சொல்லாம வந்துட்டாவளா? ஐயோ, நான் பாவி. கையைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேனே."

புல்லை எறிந்து பார்ப்பது காற்றின் திசை அறிய. ராபியாவுக்கு அது தெரியும். வாப்பா வழிதவறிப் போகவில்லை. அவர் வேலையில் இருக்கிறார்.

குளத்தின் கரை வடக்கே போகிறது. அதில் ஏறி நடந்தால் இடது கைப்பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை. காற்று தண்ணீரின் மேல் வந்து இடது கன்னத்தில் அறைகிறது. இத்தனை வருடமாக அந்தக் கரையில் நடந்திருக்கிறாள், ஒருநாளும் தோன்றியதில்லை. அவர் சொன்ன கடல் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் ஓடவில்லை. ஓடினால் தவறவிட்டுவிடுவோம் என்று பயந்தாள். ஒன்றாவது குழிக்கு அவசரம் கூடாது. குளம் ஒரு முழங்கை மடக்கிக் கரைக்குள் நுழைகிற இடத்தில் நின்று, அக்கரை மேட்டைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பதைப் போலத் தெரிந்தது. கண்ணை நம்பாதே. அங்கே கறுப்பாக நின்றது ஆள் இல்லை, எருமை.

ஏழாவது நினைவுக்கு வந்தது. கடலைப் பார்த்து அடிக்க வேண்டும், காற்று கொண்டுவந்து சேர்க்கும். அந்த நம்பிக்கையோடு ஒரு மனிதர் தண்ணீரைப் பார்த்து நடந்தால்? தாமரை இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். குடையின் கறுப்பு எங்கேயாவது தெரியுமோ என்று. தெரியக்கூடாதே என்று.

போன் அடித்தது. சலீம்.

"ஐந்தருவியில நிக்கேன். ஒருத்தன் மூஞ்சியும் தெரியலட்டி. எல்லாவனும் தலையில தண்ணியை வாங்கிக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கான். வாப்பா வாப்பான்னு கத்துதேன், அருவிச் சத்தத்துல எனக்கே கேக்கல. ஒரு போலீஸ்காரரு, குடிச்சிருக்கியாலேன்னு என் வாயை ஊதச் சொல்லுதாரு."

"அண்ணே, அங்க இல்ல. குளத்துப் பக்கம் வந்திருக்காவ."

"குளத்துப் பக்கமா?" அவன் குரல் சட்டென்று சிறு பையனுடையதாயிற்று. "தண்ணி நெறையக் கெடக்கேட்டி."

கரை முடிகிற கலிங்கலுக்கு வந்துவிட்டாள். மிஞ்சிய தண்ணீர் கல்லின்மேல் வழிந்து பள்ளத்தில் இரைந்தது. இதுதான் ஒன்பதாவது. இதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாப்பா இல்லை. கல்லில் பாசியும் நுரையும் மட்டும். அவள் அங்கேயே குந்தி அழுதாள். எந்த வெள்ளிக்கிழமையும் இந்த இடத்தில்தான் அவர் குரல் நின்றுபோகும். இன்றும் இங்கேதான் நின்றது.

அழுது ஓய்ந்தபோது அந்த அறுந்த பேச்சு நினைவுக்கு வந்தது. அதுக்கப்புறம் திரும்பி வரணும் மக்கா.

மிச்ச ஒன்பது குழிகளும் திரும்பி வருகிற வழியில்தான் இருக்கும். ஆனால் போன வழியில் திரும்ப முடியாது. அங்கே பின்னால் வருகிறவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். திரும்புகிறவர்கள் கரைக்கு உள்பக்கமாக, கடலை இப்போது வலது கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். கரைக்குக் கிழக்கே, கீழே, தென்னந்தோப்பு நீண்டு கிடந்தது. அவள் மேலே தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனபோது, கீழே அவர் எதிர்த்திசையில் வந்திருக்க வேண்டும்.

சரிவில் இறங்கினாள். தோப்புக்குள் அதற்குள்ளேயே இருட்டிக்கொண்டு வந்தது. ஓலைகள் மேலே அடித்துக்கொண்டன. கொஞ்ச தூரத்தில் ஈரமண்ணில் செருப்புத் தடம் தெரிந்தது. தடத்தின் பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் குடைக் கம்பி ஊன்றிய குறி. அதைப் பிடித்துக்கொண்டே தெற்கே போனாள்.

தோப்பின் நடுவில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு இருந்தது. அதன் விளிம்பில் கிதிர் முகம்மது நின்றார். மடக்கிய குடையைக் கை நீட்டிக் கிணற்றுக்கு மேலே செங்குத்தாகப் பிடித்திருந்தார். கால் விரல்கள் விளிம்புக்கு வெளியே இருந்தன. அசைவே இல்லை. அந்தப் போட்டோவில் நின்றதைப் போலவே.

வாப்பா என்று கத்த வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள். அடிக்கப்போகிறவன் முன்னால் இருமக்கூடக் கூடாது என்று சொன்னவர் அவர். திடுக்கிட்டால் முன்னால்தான் விழுவார். பின்னாலிருந்து பிடிக்கலாம் என்றால் மண் வழுக்குகிறது, இருவரும் போவோம்.

அவர் காத்திருந்தார். பந்து வந்தால்தான் கொடியை எடுத்துக்கொண்டு நகர முடியும்.

ராபியா குனிந்து தேடினாள். உதிர்ந்த தென்னங்குரும்பை ஒன்று கிடைத்தது. தென்னை மட்டை ஒன்றையும் இழுத்தாள். எப்படி நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. குரும்பையைத் தரையில் வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"எப்படி ஆடட்டும்?"

அவர் திரும்பவில்லை. ஆனால் உடம்பு கேட்டது.

"லேசா வலது பக்கம் சரிவு, மேடம். குழியைப் பாக்காதீங்க. பாதி வழியில ஒரு புல்லைப் பாருங்க. அது மேல உருட்டுங்க. மிச்சத்தைத் தரை பாத்துக்கிடும்."

பாதி வழியில் ஒரு புல்லைக் குறித்துக்கொண்டாள். மட்டையால் தள்ளினாள். குரும்பை உருண்டு, ஒரு வேரில் தட்டி, நின்றுவிடுவதைப் போலத் தயங்கி, விளிம்பைத் தாண்டியது. கிதிர் முகம்மது குடையை உயர்த்திக்கொண்டு, வழக்கமான சுத்தத்தோடு, இரண்டடி பின்னால் வந்தார். வெகு கீழே தண்ணீர் சப்தம் கேட்டது.

"வெல் டன், மேடம்" என்றார்.

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. மெல்ல விடுவித்துக்கொண்டார். அவர் கண்களில் மரியாதை இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

"வாப்பா, நான் ராபியா."

"எஸ், மேடம். பதினெட்டாவது மட்டுந்தான் பாக்கி."

வீட்டைப் பார்த்து நடந்தாள். கூட நடப்பார் என்று பார்த்தால், அவர் பின்தங்கியே வந்தார். அவள் நின்றால் நின்றார். திரும்பிப் பார்த்தால் தலை குனிந்துகொண்டு நகர மறுத்தார். முன்னால் போகிறவர் நடந்தால்தான் கேடி நடப்பார் என்று புரிந்தபோது, அவள் திரும்பிப் பார்ப்பதை விட்டாள். ஓலைகளின் இரைச்சலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வரப்பில் இருட்டு. பயம் தாங்காத ஒவ்வொரு முறையும் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"எரநூறு கெஜம், மேடம். எதிர்க்காத்து."

கொஞ்சம் கழித்து மறுபடியும். "இப்ப?"

"நூத்தி அம்பது."

"பதினெட்டாவதை எப்படி ஆடணும்?" அவள் வாழ்நாளில் கேட்காத குழி அது.

அவள் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"எல்லாரும் அந்தக் கட்டடத்துக் கண்ணாடிச் சுவரைப் பாத்து அடிப்பாங்க, மேடம். உள்ள இருக்கவங்க நம்மளைப் பாக்காங்கன்னு நெனைச்சு. நான் பல வருசம் அங்கன நின்னு பாத்துட்டேன். யாரும் யாரையும் பாக்கல. காப்பி குடிச்சிக்கிட்டு இருப்பாங்க. நீங்க உங்க பந்தை மட்டும் பாருங்க."

அந்திநேர மக்ரிப் பாங்கு காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. வீட்டு விளக்கு தெரிந்தது. ஹைருன் பீவி கேட்டைத் தாண்டி ஓடிவந்து, "அல்லாவே, வந்துட்டாவளே" என்று அவர் சட்டையைப் பிடித்து அழுதாள். "உள்ள வாங்க. நனைஞ்சு போயிட்டியளே. வாங்க."

கிதிர் முகம்மது கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே எரிகிற விளக்கையும் டைல்ஸ் தரையையும் பார்த்தார். இத்தனை வருடம் அவர் சுமந்து சுமந்து கட்டிய வீடு அது.

"நாங்க உள்ள வரக்கூடாது, மேடம்."

"என்னைப் பாத்து மேடமாம்" என்று உம்மா சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "ஏட்டி, நீ சொல்லேன்."

ராபியா சொன்னாள். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். குத்தாலத்திலிருந்து நனைந்து வந்த சலீம் தூக்கிக்கொண்டு போகலாம் என்றான். அவர் உடம்பு வெடவெடவென்று உதறியதைக் கண்டு விட்டுவிட்டான். வாப்பா குடையைத் துடைத்து, இரண்டு கையாலும் ராபியாவிடம் கொடுத்தார். பிறகு மதிலுக்கு வெளியே, சலீம் பைக் நிறுத்தப் போட்டிருந்த தகரத்தின் கீழே போய், இதுதான் தன் இடம் என்பதைப் போல நிம்மதியாகக் குந்தினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு, மேடம்?"

"விடியக்காலம், சுபுஹுக்கு அப்புறம்" என்றாள் ராபியா.

"நல்ல நேரம். காத்து இருக்காது."

சாரல் தகரத்தில் தட்டத் தொடங்கியது. உம்மா சோற்றுத் தட்டை வெளியே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தலை குனிந்து நன்றி சொல்லிச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடித்த பிறகும் அவள் கேட்டின் கொண்டியைக் கையில் பிடித்தபடி, அதை எந்தப் பக்கம் நின்று போடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.