செவலையைக் கூப்பிட்ட குரல்

அருள்பிரகாஷ் நல்ல பையன்தான். ஆனால் இப்போது எதிரே வந்து நின்றால் அவன் கேமராவைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசிவிடுவேன்.

மலைக்குக் கீழே அவன் அப்பாவுக்குச் சொந்தத் தோட்டம் இருக்கிறது. மண்வெட்டி பிடிக்க மனசில்லாமல் போட்டோ பிடிக்கப் போய்விட்டான். அதுவும் கல்யாணம், காதுகுத்து இல்லை. வீடுகளில் செல்லமாக வளர்க்கிற நாய், பூனைகளை. சேலத்துக்காரர்கள் நாய்க்குப் பிறந்தநாள் சட்டை போட்டு, பொட்டு வைத்து, இவனை வரச் சொல்கிறார்களாம். போனில் காட்டினான். எனக்குச் சிரித்து வயிறு வலித்தது. மார்கழி பிறந்தால் மட்டும் அதையெல்லாம் விட்டுவிட்டு, பறவைகளைப் படம் பிடிக்க மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். பக்கத்து அறையில் ஒரு வாரம் தங்குவான்.

இந்த வருசம் அவன் வந்தபோது என் வீட்டுக்காரர் சென்றாயன் இல்லை. ஐப்பசியில் நாமக்கல் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அவர் வளர்த்த நாய் செவலை, வேலிப் படலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் எங்களுக்குப் பிள்ளை. அவர் போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்த ஒரே உயிரும் அதுதான்.

"அக்கா, செவலைய நல்லா ஒரு படம் எடுத்துத் தாரேன். ஊட்டுல மாட்டி வெச்சுக்குங்க" என்றான் அருள்பிரகாஷ்.

செவலை தலையைத் தூக்கினால்தானே? பிஸ்கட் காட்டினான், விசில் அடித்தான். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எங்க தொழில்ல ஒரு வழி இருக்குதுங்க அக்கா. வளத்தவங்க குரல லென்ஸ் பக்கத்துல போட்டா காது டக்குனு நிமிந்துக்கும். அண்ணன் குரல் ஏதாச்சும் போன்ல இருக்குதுங்களா?"

இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நாய்க்கென்று அனுப்பி வைத்த குரல். "செவலே... எங்கடா சாமி போயிட்ட? ஓடியா, ஓடியா." கடைசியில் ஒரு சின்ன இருமல். அவ்வளவுதான்.

அதைப் போட்டதும் செவலை விருட்டென்று எழுந்து நின்றது. படமும் அருமையாக வந்தது. ஆனால் அவனுக்கு ஆசை விடவில்லை. பனிக்குள்ளிருந்து நாய் பாய்ந்து வருகிற மாதிரி ஒன்று வேண்டுமாம். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, காலையும் மாலையும் அந்தக் குரலைப் போட்டுக்கொண்டே இருந்தான். நாய் ஓடும், மரத்தைச் சுற்றும், ஏமாந்து திரும்பும். பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் கத்திவிட்டேன்.

"போதும் நிறுத்து தம்பி. வாயில்லா சீவன எத்தன தடவ ஏமாத்துவ?"

முகம் சுண்டிப் போய் ஸ்பீக்கரைக் கழற்றினான். மறுநாள் சோளக்காடு பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போய்விட்டான்.

தை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். விடிகாலையில் சாணி வாரிக்கொண்டிருந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது, மாட்டின் தலை தெரிந்தால் வால் தெரியாது. மிளகுத் தோட்டத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"செவலே... ஓடியா, ஓடியா."

அப்புறம் அந்த இருமல்.

கூடை கைநழுவி விழுந்தது. பனிக்குள் யாராவது கூப்பிட்டால் எங்கள் பக்கம் உடனே குரல் கொடுக்க மாட்டோம். மூன்று தடவை கூப்பிடட்டும் என்று பொறுத்திருப்போம். ஆகாதது எதுவும் மூன்றாவது தடவை கூப்பிடாது என்பது எங்கள் கணக்கு. நானும் பொறுத்திருந்தேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டது. நாலாவதும் கூப்பிட்டது. செவலை அம்பு போலப் பாய்ந்து பனிக்குள் மறைந்துவிட்டது.

பின்னாலேயே ஓடினேன். சில்வர் ஓக்கின் கிளையில் கரிச்சான் குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. கன்னங்கரேல் என்று, வால் நுனியில் இரண்டு நீளக் கம்பியும், ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒரு துடுப்புமாக. மற்ற பறவைகளின் சத்தத்தையெல்லாம் திருடிக்கொள்கிற சாதி அது. என்னைப் பார்த்து அலகைத் திறந்தது. என் புருசன் இருமினார்.

பேயென்றால்கூடப் பரவாயில்லை, பேய்க்குக் கணக்கு உண்டு. பறவைக்கு ஏது கணக்கு?

அருள்பிரகாஷுக்குப் போன் போட்டுத் திட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, அத அப்படியே வீடியோ எடுத்து அனுப்புங்க!" என்றான். போனை வைத்துவிட்டேன்.

அதிலிருந்து தினமும் அதே கதைதான். கரிச்சான் ஓரிடத்தில் நிற்காது. மரம் மாறி மாறி, தோட்டத்தை ஒட்டிய பள்ளத்து விளிம்புவரை போய்க் கூப்பிடும். செவலையும் பின்னாலேயே போகும். அந்த விளிம்புக்கு அப்பால் பனை ஆழத்துக்கு வெறும் பாறை. ஒருநாள் நாய் வயிறு கிழிந்து, ரத்தம் சொட்டச் சொட்டத் தவழ்ந்து வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டி, சங்கிலி போட்டுத் தூணில் பூட்டினேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா பெருமாயி வந்து பார்த்துவிட்டு உண்டிவில்லைக் கையில் கொடுத்தாள். "ஒரே கல்லு. குருவி போச்சுன்னா நாய் பொழச்சுக்கும்."

மறுநாள் கல்லை வைத்து ரப்பரை இழுத்தேன். கரிச்சான் அசையாமல் இருந்தது. அடித்திருக்கலாம். "எங்கடா சாமி போயிட்ட?" என்றது. கை இறங்கிவிட்டது. அந்தக் குரலை இன்னொரு தடவை சாகடிக்க என்னால் முடியவில்லை. அதற்கப்புறம், உள்ளதைச் சொல்கிறேன், நாயைக் கட்டிப்போட்டுவிட்டு நான் மட்டும் தினமும் மரத்தடியில் போய் நின்றேன்.

செவலைக்குக் காயம் ஆறியது. குரல் கேட்டால் காதை நிமிர்த்தும், இழுக்காது. அப்புறம் காதையும் நிமிர்த்தவில்லை. பள்ளத்து ஆபத்து தீர்ந்தது என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை பனி வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தேன். தோட்டத்துக்குள்ளிருந்து கூப்பிட்டது. நாயை இல்லை.

"பூவு... ஏ பூவு..."

என் பெயர் பூங்குழலி. ஊருக்கெல்லாம் நான் குழலி. பூவு என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். போனில் இருந்த குரலில் அந்தப் பெயர் கிடையாது. இந்தத் தோட்டத்தில் இருபது வருசம் மிளகு பறிக்கும்போது அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதைக் கரிச்சான் எப்போதோ கேட்டிருக்கலாம் என்று பெருமாயி பிற்பாடு சொன்னாள். இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

வேலிப் படலைத் திறந்தேன். செவலை குறுக்கே வந்து நின்று, பனியைப் பார்த்துக் குரைத்தது. வழிப்போக்கனைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு. என் சேலையைக் கவ்வி இழுத்தது. அது அவர் இல்லை என்று நாய்க்குத் தெளிந்துவிட்டது.

"பூவு... ஓடியா, ஓடியா."

குரல் பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. நாயின் வாயிலிருந்து சேலையை உருவிக்கொண்டு அதை வேலிக்கு உள்ளே தள்ளிப் படலைச் சாத்தினேன்.

"இதோ வாரேனுங்க" என்றேன்.