வயிறில்லாத கடல் முள்ளெலிகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் இதன் மூன்றாவது வரைவைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "நடை நல்லாருக்கும்மா. ஆனா கடல் முள்ளெலிக்குக் குடல் முளைச்சா என்ன, முளைக்காட்டி என்ன? அந்தப் பொண்ணுக்கு ஒரு கல்யாணப் பிரச்சினை வச்சுப் பாருங்களேன்."

வைக்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்தேழு வயது. வீட்டில் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டுதான் இருந்தது. அது இந்தக் கதைக்குள் வராது. இது குடல் முளைக்காத கதைதான். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். (கோபித்துக்கொள்வேன். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.)

2

முதல் தொடக்கம்: "தாமிரபரணியின் மேல் காலைச் சூரியன் பொன்னை உருக்கி —"

வேண்டாம். திருநெல்வேலியைப் பற்றி எழுதினால் ஆற்றில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். என் கதையில் ஆறு குழாய் வழியாக மட்டும்தான் வருகிறது, அதுவும் கண்ணாடிக் குவளை கழுவ.

இரண்டாவது தொடக்கம்: "ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் அனைத்து மரபணுக்களும் உள்ளன, ஆயினும் அவற்றுள் எவை எப்போது —"

இது ஆய்வேட்டின் முதல் பக்கம், கதை இல்லை. ஆனால் விஷயம் இதுதான், அதனால் ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். முட்டை ஒன்று. அது இரண்டாகி, நான்காகி, நூற்றுக்கணக்கில் பிரிகிறது. எல்லா உயிரணுவிடமும் இருப்பது ஒரே புத்தகம். குடலாகப் போகிற அணு அதில் ஒரு பக்கத்தைத் திறக்கிறது, தோலாகப் போகிற அணு வேறு பக்கத்தை. யார் எந்தப் பக்கத்தை எப்போது திறக்கச் சொல்வது? இதுதான் கேள்வி. கடல் முள்ளெலி பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு முள்பந்து; அதன் கரு கண்ணாடி போல இருக்கும். உள்ளே குடல் முளைப்பதை மைக்ராஸ்கோப்பில் நேராகவே பார்க்கலாம். அதனால்தான் உலகம் முழுக்க அந்தப் பிராணியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

மூன்றாவது தொடக்கம்: "1996, பாளையங்கோட்டை. சரஸ்வதி பூஜை." இதை வைத்துக்கொள்கிறேன்.

3

1996, பாளையங்கோட்டை. சரஸ்வதி பூஜை. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடம். (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.) சித்ரலேகா முனைவர் பட்ட ஆய்வின் நான்காவது வருடத்தில் இருந்தாள். ஆய்வுக்கூட உதவியாளர் பிச்சைக்கண்ணு ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். குலசேகரன்பட்டினம் (குலசை என்பார்கள்) போய், பாறை இடுக்கிலிருந்து முள்ளெலிகளை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் கடல்நீர் பிடித்துப் பஸ்ஸில் கொண்டுவருவது அவர் வேலை.

அன்று காலை அவர் அந்தக் கேன்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் பூஜையில் வைத்துவிட்டார். தொழில் செய்கிற சாமான் அல்லவா? பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. பரீட்சைப் புத்தகத்தைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு நாள் முழுக்க ஊர் சுற்றிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, இப்பதான் முட்டை நல்லா விளைஞ்சிருக்கும். இன்னைக்கு விட்டா ரெண்டு வாரம் போயிரும்," என்றாள் சித்ரலேகா.

"கேன் சாமிகிட்ட இருக்கேம்மா. எதுல பிடிக்க?"

அவள் திருநெல்வேலி டவுனுக்குப் பஸ் ஏறினாள். ரதவீதியில் பூஜைக்காகச் சாத்தப்போன பாத்திரக்கடையை நிறுத்திவைத்து, பளபளவென்று இரண்டு தகர வாளிகளை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் திரும்பி வரும்போது குலசைத் தசராக் கூட்டம். பஸ் முழுக்க அம்மனுக்கு நேர்ந்து வேடம் கட்டியவர்கள். வாளிகளின் வாயைத் துணியால் கட்டி, ஒரு காளிக்கும் ஒரு பொய்ப் போலீஸ்காரருக்கும் நடுவே நின்றுகொண்டே வந்தார். கால்வாசி நீர் காளியின் காலில் போனது. மீதி இரவெல்லாம் வாளியிலேயே நின்றது. மறுநாள் விஜயதசமி, எதையும் தொடங்க நல்ல நாள் என்று சித்ரலேகா முட்டைகளை அந்த நீரில் விட்டுக் கருக்கூட்டினாள்.

4

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரைவில் பிச்சைக்கண்ணு குடிகாரர். "வேட்டி அவிழ, வாளி தளும்ப, தள்ளாடியபடி —" என்று எழுதியிருந்தேன். ஆசிரியர்கூட அந்த இடத்தில் சிரித்ததாகச் சொன்னார்.

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பிறகு ஏன் எழுதினேன்? கதைகளில் உதவியாளர்கள் குடிக்கிறார்கள், அதனால் எழுதினேன். கதை நகர வசதியாக இருந்தது. அந்த வசதியை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது. ஏன் என்று ஆறாம் பகுதியில் புரியும்.

5

மூன்றாம் நாள் காலை, சித்ரலேகா கை கழுவப் போயிருந்த நேரத்தில் பிச்சைக்கண்ணு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"யம்மா, இங்கன வாங்க. இதுக்கு வயித்தக் காணோம்."

"என்னது?"

"வயிறும்மா. போன தடவ காட்டுனீங்கள்லா, நடுவுல கொழா மாதிரி? இதுல ஒண்ணையும் காணோம். சும்மா உருண்டையா சுத்திக்கிட்டு கெடக்கு."

[வரைவில் இந்த இடத்தில் அவர், "குலசையில ஆளாளுக்கு ஒரு வேசம் கட்டுத மாதிரி ஒவ்வொரு அணுவும் —" என்று பேசினார். அவர் அப்படிப் பேசவில்லை. அது என் சரக்கு. எளிய மனிதர் வாயில் தத்துவத்தைத் திணித்துவிட்டுக் கைதட்டு வாங்கும் ஆசை யாரை விட்டது? அவர் கண்டது வயிறு இல்லாததை. நாலு வருடம் படித்தவளுக்கு முன்னால் கண்டார். அது போதும்.]

சித்ரலேகா பார்த்தாள். கிண்ணம் முழுக்க உருண்டைகள். உயிரோடு, சுறுசுறுப்பாக நீந்துகின்றன. வாய் இல்லை, குடல் இல்லை.

6

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் காசிலிங்கம். இவரை வில்லனாக்க எனக்குக் கை அரிக்கிறது. ஆனால் மனிதர் நல்ல ஆசிரியர். மாணவர்களின் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தனுப்புகிறவர். தன் பெயருக்குக் கீறல் விழும் என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?" என்றார் பிச்சைக்கண்ணுவிடம். "உம்ம வேலைய நிரந்தரமாக்குற பைல் என் மேசையிலதான் கெடக்கு, தெரியும்லா?"

பிச்சைக்கண்ணு வாளிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் போன பிறகு பேராசிரியர் சித்ரலேகாவிடம் திரும்பினார். "ஆய்வுக்குப் பணம் குடுக்குற டெல்லிக்கு ரிப்போர்ட் போகணும். உதவியாளர் கவனக்குறைவால தண்ணி கெட்டுதுன்னு பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுரும்மா."

"எதனாலன்னு தெரியாம எப்படி சார்? ஒரு வாரம் குடுங்க."

அந்த ஒரு வாரத்தில் அவள், மிச்சமிருந்த முள்ளெலிகளின் முட்டைகளை, கேன் நீரில் ஒரு கூட்டம், தகர வாளியில் ஓர் இரவு நின்ற நீரில் ஒரு கூட்டம் என்று வளர்த்தாள். கேன் நீரில் எல்லாவற்றுக்கும் குடல் வந்தது. வாளி நீரில் மறுபடி உருண்டைகள். தகரத்தின் அந்தப் பளபளப்பு துத்தநாகம். கடல்நீர் இரவோடு இரவாக அதைக் கரைத்துக்கொள்கிறது. உருண்டைகளாகப் போகவிருந்த இளம் கருக்களில் கொஞ்சத்தை எடுத்து, துத்தநாகத்தைப் பிடித்து வெளியே இழுக்கும் ஓர் உப்பைச் சேர்த்துக் கழுவினாள். நூற்றில் முப்பதுக்குக் குடல் முளைத்தது. புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்துபோகவில்லை. துத்தநாகம் அதைத் திறக்க விடவில்லை, அவ்வளவுதான். அன்று அவள் ஆய்வுக்கூடத்தில் தனியாக விசில் அடித்தாள்.

பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"இது வெளிநாட்டுல அம்பது வருசத்துக்கு முன்னயே தெரிஞ்ச சங்கதி."

"எனக்கு முந்தாநாள்தான் தெரிஞ்சுது சார்."

"வாளி வாங்குனது யாரு?"

"நான்."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேம்மா! இதை எழுதுனா டெல்லிக்காரன் உன் நாலு வருச முடிவையும் சந்தேகப்படுவான். என் பேரும் சேர்ந்து நாறும். பிச்சைக்கண்ணு பேரு போனா யாருக்கு என்ன? சாயங்காலத்துக்குள்ள நான் சொன்னத எழுது. இல்லன்னா உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து விழாது."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கவனக்குறைவு என்று ஒரு வரி விழுந்தால் பிச்சைக்கண்ணுவின் பைல் அத்தோடு மூடப்படும். ஒன்பது வருடம் போச்சு.

(மூன்றாவது வரைவில் நான் அவரைத் தள்ளாட விட்டபோது செய்ததும் இதே வேலைதான். பேராசிரியர் கேட்டதை இத்தனை காலம் கழித்து, யாரும் மிரட்டாமலே, சிரிப்புக்காக எழுதிக்கொடுத்திருக்கிறேன்.)

7

முடிவு அ: அவள் கையெழுத்துப் போடுகிறாள். வாழ்நாள் முழுக்கக் குற்றவுணர்ச்சி. யதார்த்தம் என்பார்கள். கோழைத்தனத்துக்கு அது மரியாதையான பெயர்.

முடிவு ஆ: பேராசிரியரின் கண்கள் கலங்குகின்றன. "நீதாம்மா என் உண்மையான மாண —" சீ!

முடிவு இ: பிச்சைக்கண்ணுவே வந்து, "எழுதிருங்கம்மா, ஒங்க நாலு வருசம் வீணாப் போயிரும்" என்கிறார்.

இது நடந்தது. மதியம் படிக்கட்டில் நின்று சொன்னார். ஆனால் அவரைத் தியாகியாக்கி, அதில் குளிர்காய்ந்துகொண்டு கதையை முடிக்க நான் தயாராக இல்லை. அவள் அவரிடம் கத்தினாள்: "ஒம்பது பெருசா, நாலு பெருசா அண்ணாச்சி? சின்னப் பிள்ளைக்குத் தெரியும். போயி வேலையப் பாருங்க!"

8

சித்ரலேகா நான்தான். கண்டுபிடித்திருப்பீர்கள். 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் தைரியம் வந்தது. இனி வேண்டாம்.

அன்று சாயங்காலம் பதிவேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது:

"வாளி வாங்கியது நான். துத்தநாகம் கடல்நீரில் கரையும் என்று யோசிக்காதது நான். திரு. பிச்சைக்கண்ணு கொண்டுவந்த நீரில் குறை இல்லை. கருவில் குடல் இல்லாததை முதலில் கண்டவர் அவர்."

கையெழுத்துப் போட்டேன். பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள் என்று தெரியும், அதனால் ஒரு நகலை முதல்வர் அலுவலகத்தில் கொடுத்துத் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பட்டம் கிடைத்ததா? அதை உங்களிடம் விடுகிறேன். இந்தக் கதையில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' இருக்காது. கிடைக்காததாலும் இருக்கலாம், போடப் பிடிக்காததாலும் இருக்கலாம். உங்களுக்கு எது தோதோ அதைத் திறந்து படித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று நான் தள்ளிய வரிகளும் இங்கேயேதான் கிடக்கின்றன, ஒன்றையும் கிழிக்கவில்லை. அந்த ஆசிரியர் ஆசைப்பட்டால் எனக்குக் கல்யாணம்கூடச் செய்துவைக்கலாம்.

ஆனால் பிச்சைக்கண்ணுவின் முடிவில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. அது என்னுடையது, அதற்கு மாற்று வரைவு கிடையாது. அடுத்த சித்திரையில் அவர் வேலை நிரந்தரமானது. அடுத்த சரஸ்வதி பூஜையன்று அவர் புதிதாக ஒரு பிளாஸ்டிக் கேன் வாங்கிவந்தார். நான் இதை நேரில் பார்த்தேனா, பிறர் சொல்லிக் கேட்டேனா என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேன்கள் இரண்டையும் கழுவிச் சந்தனம் இட்டுச் சாமிக்கு வைத்தார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு குலசைக்குப் பஸ் ஏறினார்.